கோயில் மைக்செட் சாமானில் வீட்டுக்கு ஹார்ன் ஸ்பீக்கர் செய்ய முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் டவுனுக்கு மாறியபோது பழைய மைக்செட் சாமான்களைக் கமிட்டி ஒதுக்கிவிட்டது. கரையான் அரித்த இரண்டு பெட்டிகள், அவற்றுக்குள் 15 அங்குல பாஸ் ஸ்பீக்கர் இரண்டு, பிளாஸ்டிக் ஹார்ன் (வாய் விரிந்த குழல்) உடைந்துபோன கம்ப்ரஷன் டிரைவர் (அந்தக் குழலின் பின்னால் மாட்டும் ஒலிக்கருவி) இரண்டு, கம்பத்தில் கட்டும் சாம்பல் நிறக் குழாய் ஸ்பீக்கர் நான்கு. இவற்றை வைத்து டெரஸ் வீட்டு ஹாலுக்கு நல்ல ஸ்பீக்கர் செய்யலாமா, இல்லை கடைக்காரர் சொன்னதுபோல "கோயில் சவுண்டு வீட்டுக்கு ஆகாது" என்பதுதான் உண்மையா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். அதுவும் கடையில் புதிதாக வாங்கும் பெட்டிகள் பலவற்றைவிட நன்றாகவே செய்யலாம். கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. திருவிழாவில் காது வலிப்பதற்குக் காரணம் ஹார்ன் இல்லை. ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் முறுக்கிவிடுகிறார்கள். அலையின் உச்சி தட்டையாகி, பாட்டிலேயே இல்லாத கீச்சு ஒலிகள் சேர்ந்துகொள்கின்றன. போதாததற்குக் கம்பத்துக் குழாய் பாஸையும் விடாது, மேல் ஒலியையும் விடாது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். உங்கள் கையில் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவரைச் சரியான ஹார்னில் மாட்டி, பத்தில் ஒரு வாட் கொடுத்துப் பாருங்கள். இதுவா அந்த ஸ்பீக்கர் என்று கேட்பீர்கள்.

ஹார்ன் என்ன செய்கிறது? ஸ்பீக்கரின் கோன் (ஆடும் கூம்பு) கனமானது, காற்று லேசானது. சாதாரணப் பெட்டியில் கோன் ஆடும்போது காற்று பெரும்பாலும் விலகிக்கொடுத்துவிடும். கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஒலியாகிறது, மீதியெல்லாம் காயிலில் (கம்பிச் சுருளில்) சூடாகப் போய்விடுகிறது. ஹார்னின் குறுகிய தொண்டையில் காற்று எளிதில் விலக முடியாது, அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் மெல்ல மெல்ல விரிந்து வாய்க்கு வரும்போது பெரிய காற்றுப் பரப்பையே ஆட்டுகிறது. விடியற்காலைப் பெரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்ட கங்காணி இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாரே, அந்த வேலைதான் இது.

இதனால் வீட்டில் என்ன லாபம் என்பதை எண்ணிக்கையில் பார்ப்போம். சிறிய வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் அளவு தரும். மைக்செட்டுக்கான 15 அங்குலம் 96, 97 தரும். கம்ப்ரஷன் டிரைவர் ஹார்னோடு சேர்ந்தால் 105-ஐத் தாண்டும். ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு மின்சாரம். உங்கள் ஹாலில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து 80 டெசிபலில் பாட்டுக் கேட்டால், அது நிம்மதியாகக் கேட்கும் அளவு. 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு வாட் போதும். 86 டெசிபல் பெட்டிக்கு இரண்டரை வாட் வேண்டும். வித்தியாசம் மின்கட்டணத்தில் இல்லை. பத்தில் ஒரு வாட்டுக்குக் கோன் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. அசைவு குறைந்தால் திரிபும் குறையும். தவிலில் திடீரென்று விழும் ஓர் அடிக்குப் பத்து மடங்கு, இருபது மடங்கு மின்சாரம் கேட்கும். ஹார்ன் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், இரண்டு வாட் சமாச்சாரம். அதனால்தான் நாதஸ்வரமும் தவிலும் ஹார்னில் உயிரோடு வருகின்றன. சத்தம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக இதைச் செய்யாதீர்கள். மெதுவாக வைத்துக் கேட்டாலும் எல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள். டெரஸ் வீட்டில் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றுதானே.

முன்பு இது பெரிய இடத்துச் சாமான். பேசும் படம் வந்த புதிதில், 1926-இல், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தன் 555 டிரைவரைக் கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபையர் தருவதோ சில வாட், நிரப்ப வேண்டியதோ முழுக் கொட்டகை, ஹார்னை விட்டால் வழியில்லை. ஆல்டெக் லான்சிங் 1945-இல் கொண்டுவந்த சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர்களும், அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946-இல் வீட்டு மூலைக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்னும் அதே வழிதான். 1954-இல் எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 என்ற மூடிய சின்னப் பெட்டி வந்தது. வாட்டும் மலிவாகிக்கொண்டே போனது, ஹால்கள் சுருங்கின, ஹார்ன் வரவேற்பறையை விட்டுப் போய்விட்டது. அரங்கத்திலும் மைதானத்திலும் கோயிலிலும்தான் தங்கியது. அதனால் கமிட்டி தூக்கிப் போட்ட சாமானைக் குப்பை என்று நினைக்காதீர்கள், பெரிய பரம்பரை அது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சோதனை.

15 அங்குலத்தை மல்லாக்க வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். மெத்தென்று இறங்கி ஏற வேண்டும். மணல் உரசும் சத்தம் வந்தால் காயில் தேய்கிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 6.5 வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. கோனின் ஓரத்தைப் பாருங்கள். மைக்செட் ஸ்பீக்கரில் பெரும்பாலும் மடிப்பு மடிப்பான துணி ஓரம் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தையும் பல வருஷம் தாங்கும். வீட்டு ஸ்பீக்கர்களில் வரும் பஞ்சு ஓரம்தான் இந்த ஈரத்தில் விரலால் தொட்டாலே உதிரும். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஆக இருந்தால் உள்ளே போகும். அது பழுது இல்லை, அவர்கள் வழக்கம் அப்படி. எதுவானாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் டிரைவருக்குப் பொறுமை வேண்டும். வருஷக்கணக்கில் வெளியே கிடந்த ஹார்னுக்குள் குளவி களிமண் கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். கம்பியை விட்டுக் குத்திவிடாதீர்கள். தொண்டைக்கு அந்தப் பக்கம், தலைமுடி நுழையும் அளவு இடைவெளியில் சவ்வு இருக்கிறது. வாயைக் கீழே பார்க்கப் பிடித்துத் தட்டி, காய்ந்த மண்ணை முதலில் உதிர்த்துவிடுங்கள். அப்புறம் பின்மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால் குவிந்த சவ்வு தெரியும். டைட்டானியமாக இருந்தால் சாம்பல் பளபளப்பு, பினாலிக்காக இருந்தால் பழுப்புத் துணி போல இருக்கும். சவ்வை நேராக மேலே தூக்கி எடுங்கள், பக்கவாட்டில் சாய்த்தால் காயில் நசுங்கும். காந்தத்தின் வட்ட இடுக்கில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது. மாஸ்கிங் டேப்பைப் பிசின் பக்கம் வெளியே வரும்படி மடித்து, இடுக்கில் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். டேப்பில் கறுப்பு வராத வரைக்கும் இதையே செய்யுங்கள். சவ்வு கிழிந்திருந்தால் டிரைவரைத் தூக்கிப் போட வேண்டாம், மாற்றுச் சவ்வு கிடைக்கும். வாங்கும் முன் காயிலின் விட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். ஓம் 8-ஆ 16-ஆ என்றும் பாருங்கள்.

ஓசை கேட்டுச் சோதிக்கும்போது கம்ப்ரஷன் டிரைவருக்கு நேராக ஆம்ப்ளிஃபையரைக் கொடுக்கவே கூடாது. நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். 8 ஓம் டிரைவருக்கு அது 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் தளர்த்திவிடும், சவ்வு பிழைக்கும்.

கம்பத்துக் குழாய் நான்கையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை ஹாலுக்கு வேண்டாம். தூரத்துக்குப் பேச்சை அனுப்புவதற்கென்று செய்தவை. உள்ளே குழாய் மடிந்து திரும்பி வருகிறது, 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் பெரிதாக இருக்காது. அதோடு பலவற்றில் தூரத்துக்குக் கம்பி இழுக்கும் 100 வோல்ட் லைனுக்கான டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும். 10 வாட் முனையில் அது 1,000 ஓம், 30 வாட் முனையில் 333 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் முனகும், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருந்தால் இன்னொரு கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். பெசி பூரோக் (பழைய இரும்பு) கடைக்குப் போட்டால் செம்புக்கும் காந்தத்துக்கும் உடைத்துவிடுவார்கள்.

இப்போது ஹார்ன். உடைந்த பிளாஸ்டிக் ஹார்னை ஒட்டாதீர்கள், மரத்தில் புதிதாகச் செய்யுங்கள். கணக்கு பயமுறுத்தாது. ஹார்ன் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே வேலை செய்யாது. அந்த எல்லையை இரண்டு விஷயம் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வேகமாக விரிகிறது, வாய் எவ்வளவு பெரிது. வாயின் சுற்றளவு எல்லை ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருந்தால் நல்லது. நம் ஊர் 30 டிகிரி சூட்டில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும். 400 ஹெர்ட்ஸ் எல்லை வைத்துக்கொண்டால் அலைநீளம் 87 செ.மீ., வாயின் விட்டம் 28 செ.மீ. வருகிறது. எக்ஸ்போனென்ஷியல் வடிவத்தில் ஒவ்வொரு 4.8 செ.மீ.க்கும் குறுக்குப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும். ஓர் அங்குலத் தொண்டையிலிருந்து கிளம்பினால் விட்டம் இப்படிப் போகும்: 2.5, 3.6, 5.1, 7.2, 10.2, 14.4, 20.3, 28.7 செ.மீ. ஏழு இரட்டிப்பு, மொத்த நீளம் 34 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இதை ஒரு பெரிய தாளில் வரைந்து புள்ளிகளை வளைகோட்டால் சேர்த்தால் உங்கள் ஹார்ன் கண்முன்னே வந்துவிடும்.

செய்வதற்கு எளிய வழி வளைய அடுக்கு. 18 மி.மீ. பலகையில் 19 வளையம். ஒவ்வொரு வளையத்தின் ஓட்டையும் முந்தியதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் அகலம். ஜிக்சாவில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இறுக்கிக் காயவிட்டால் உள்ளே படிக்கட்டு மாதிரி இருக்கும். அந்தப் படிகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மீதிப் பள்ளத்துக்குக் கார் பட்டறையில் பூசும் பாடி ஃபில்லர் போதும். வாய்ப் பக்கத்தில் சின்னக் குறை இருந்தாலும் பரவாயில்லை, தொண்டைப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளமே மூன்றரை செ.மீ.தான், டிரைவரின் வாயும் மரத்தின் வாயும் சேரும் இடத்தில் ஒரு மி.மீ. படி இருந்தாலும் அலை அங்கே முட்டித் திரும்பும். விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள், நகத்தில் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. முதல் நான்கு வளையத்துக்கு மட்டும் ஒரு முழு மாலைப்பொழுது செலவானாலும் தகும்.

டிரைவரை எப்படி மாட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உடைந்த பிளாஸ்டிக் ஹார்னின் கழுத்தில் திருகும் மரை நல்ல நிலையில் இருந்தால், அந்தக் கழுத்தை மட்டும் அறுத்தெடுத்து மரத்தில் பதித்துவிடுங்கள். ஆனால் டிரைவர் கிலோக்கணக்கில் கனம். பிளாஸ்டிக்கை நம்பித் தொங்கவிட வேண்டாம், கீழே மரக்கட்டை ஒன்று தாங்கிப் பிடிக்கட்டும்.

மரம் என்று வரும்போது எனக்கு ரப்பர் மரம்தான் பிடிக்கும். பால் வற்றிய மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள், அந்த மரம்தான் நம் நாட்டு மேசை நாற்காலிகளில் இருக்கிறது. வெளிர் நிறம், நல்ல கனம், வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் சுகம். ஒரே குறை, மருந்து ஏற்றாத பச்சை மரத்தைப் பூஞ்சையும் மரத்தூள் வண்டும் விடாது. அதனால் தோட்டத்தில் வெட்டிப் போட்ட கட்டையை நேராக எடுக்காமல், பழைய மேசைப் பலகை, படுக்கைச் சட்டம் என்று ஏற்கெனவே மருந்து ஏற்றி உலர்த்தியதைத் தேடுங்கள். தாத்தா வெட்டிய மரத்தின் இனத்திலேயே பேரனின் ஸ்பீக்கர் பேசுவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எந்த மரமானாலும் உள்ளும் வெளியும் வார்னிஷ் அடியுங்கள். மரத்தூள் அமுக்கிய மலிவுப் பலகை மட்டும் வேண்டாம், இந்த ஈரத்தில் ஊதிவிடும்.

பாஸுக்கும் ஹார்ன் கட்ட ஆசை வரும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 மீட்டர். திறந்த வெளியில் வாயின் விட்டம் 2.2 மீட்டர் வேண்டும். அறை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் ஹார்னின் தொடர்ச்சியாகிவிடும், வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும். அப்போதும் 70-க்கு 70 செ.மீ. வாய். கிளிப்ஷ் மூலையைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். உங்கள் ஹாலில் ஒரு மூலை வாசல், இன்னொரு மூலை சாமி மேடை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பாஸுக்குத் துளைப் பெட்டியே வையுங்கள். 18 மி.மீ. பிளைவுட், உள்ளளவு 45-க்கு 40-க்கு 67 செ.மீ., ஏறக்குறைய 120 லிட்டர். துளைகளுக்கு 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி தண்ணீர்க் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 17 செ.மீ. நீளம், 40 ஹெர்ட்ஸ் அளவில் இசைந்து நிற்கும். மைக்செட் 15 அங்குலம் பலவற்றுக்கும் இது ஒத்துவரும், ஆனாலும் பலகை வெட்டும் முன் உங்கள் ஸ்பீக்கரை அளந்துவிடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளும் ஒரு ரெசிஸ்டரும் கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். உள்ளே குறுக்குக் கட்டை இரண்டு கொடுங்கள், ஓரங்களில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது.

பாஸையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் 1,200 ஹெர்ட்ஸில். ஹார்ன் எல்லை 400 என்றாலும் அந்த எல்லை வரை ஓட்டக் கூடாது, ஓர் அங்குல டிரைவர்கள் 1,000-க்குக் கீழே திணறும். இரண்டும் 8 ஓம் என்றால் பாஸுக்குத் தொடரில் 2.2 மில்லிஹென்றி காயில், குறுக்கே 8.2 மைக்ரோஃபாரட். ஹார்னுக்குத் தொடரில் 8.2 மைக்ரோஃபாரட், குறுக்கே 2.2 மில்லிஹென்றி. ஹார்ன் 10 டெசிபல் அதிகமாகக் கத்தும் என்பதால் கிராஸ்ஓவருக்கும் டிரைவருக்கும் நடுவில் அடக்க வேண்டும்: தொடரில் 5.6 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 3.9 ஓம், இரண்டும் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். டிரைவர் 16 ஓம் என்றால் ஹார்ன் பக்கத்துக் கெப்பாசிட்டரைப் பாதியாக்குங்கள், காயிலையும் ரெசிஸ்டர்களையும் இரட்டிப்பாக்குங்கள். பழைய பெட்டியில் இருந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மட்டும் மறுபடி பயன்படுத்த வேண்டாம், சூட்டில் காய்ந்திருக்கும். காயில் எரியாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்னைப் பெட்டிக்குள் பதிக்காதீர்கள், மேலே சும்மா வையுங்கள். 1,200 ஹெர்ட்ஸில் அலைநீளம் 29 செ.மீ.; ஹார்ன் சவ்வு பாஸ் கோனுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப் பொறுத்து இரண்டும் சேர்ந்து பாடும், இல்லை ஒன்றையொன்று அழிக்கும். 1,200 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனின் மைக்கை வைத்து, ஹார்னை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் நன்றாக விழுந்துவிடும். அந்த இடத்திலேயே நிறுத்தி ஹார்னின் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டால் ஒலி நிரம்பி வரும். அதுதான் இடம். பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள்.

நாக்கோ (சாய்த்துத் திறக்கும் கண்ணாடித் தகடு) ஜன்னல் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ் அடிக்கும்போது அந்தக் கண்ணாடித் தகடுகள் கிரீச்சிடும், ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். தகடு உட்காரும் அலுமினியப் பிடியில் மெல்லிய ரப்பர்த் துண்டு வைத்தால் அடங்கிவிடும்.

இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். ஒன்றை முடித்து, ஹாலில் நடுவில் வைத்து, மின்னல் எஃப்எம் கொஞ்சம், பழைய மோனோ பாட்டுகள் கொஞ்சம், நாதஸ்வரம் கொஞ்சம் என்று ஒரு வாரம் கேளுங்கள். பேச்சு மூக்கால் வருவதுபோல் இருந்தால் 5.6 ஓமைக் கொஞ்சம் ஏற்றி, 3.9-ஐக் கொஞ்சம் இறக்குங்கள். தவில் மந்தமாக இருந்தால் குழாய் நீளத்தை ஒவ்வொரு செ.மீ.யாகக் குறைத்துப் பாருங்கள். சரியான அளவு அகப்பட்டதும் இரண்டாவதை அதே அளவில் வெட்டுங்கள். அதற்கு முன் டிரைவரின் பின்மூடியில் அச்சடித்திருக்கும் எண்ணையும், சவ்வைக் கழற்றியபின் காயில் விட்டத்தையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. மாற்றுச் சவ்வு தேவையா, எந்த அளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.